சிவப்புச் சுழி

அச்சகத்தில் பிழை திருத்தும் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. "சுழி சார்" என்றால்தான் வாசல் காவல்காரருக்கே தெரியும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'பெண் வீட்டார்' என்பது 'பெண் விட்டார்' என்று ஆயிரம் பிரதி ஓடவிருந்த நேரத்தில், காதுக்குமேல் செருகியிருந்த சிவப்பு மெழுகுப் பென்சிலை உருவி அந்த 'வி'யின் தலையில் ஒரு சுழி போட்டாரே, அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அது கேலியா மரியாதையா என்று யாரும் ஆராயவில்லை. அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். மனுஷனுக்கு அந்த விஷயத்தில் கூச்சமே கிடையாது.

அச்சகத்தோடு நிறுத்தியிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். வீட்டிலும் அதே கதைதான். மனைவி எழுதும் மளிகைப் பட்டியலைத் திருத்துவார். மருந்து பாட்டிலில் ஒட்டிய காகிதத்தைத் திருத்துவார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா 'அளவு எடுத்து தைக்கப்படும்' என்று ஆசையாகப் பலகை மாட்டினால், ஸ்டூல் போட்டு ஏறி நடுவில் ஒரு 'த்' போட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து அந்த அம்மா இவரைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னும் ஏதாவது குறை இருக்கா சார்?" என்று கேட்பாள். இவரும் நிஜமாகவே பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு, "இப்போதைக்கு இல்லம்மா" என்பார்.

அவர் வீடு பூச்சில்லாத செங்கல் வீடு. வாசல் கிழக்கே பார்த்தது. முன்பக்கம் கீழே ஒரு ஜன்னல், மாடியில் ஒரு ஜன்னல், பின்பக்கமும் அப்படியே. நான்கும் ஒரே அளவு. உள்ளே கண்ணாடி, வெளியே இரண்டிரண்டு மரக்கதவு, ஆக எட்டுக் கதவு. பெருங்காற்று அடித்தால் மட்டும் சாத்துவதற்கானவை. மற்ற நாளெல்லாம் ஜன்னலின் இருபுறமும் சுவரோடு சுவராகக் கொக்கியில் நிற்கும். எட்டையும் செய்து மாட்டியவர் மனைவியின் அண்ணன். தச்சர். தங்கை சொந்த வீட்டுக்கு வந்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் மூன்று வாரம் மற்ற வேலைகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, இழைத்து இழைத்துச் செய்தார்.

போன வருஷம் கதவுகள் நிறம் மங்கிவிட்டன. சுழி சார் ஒரு வாரம் லீவு போட்டு, தானே பெயின்ட் அடிக்கிறேன் என்று எட்டையும் கழற்றி வீட்டுக்குப் பின்னால் அடுக்கினார். ஒவ்வொன்றின் முதுகிலும் தச்சர் உளி முனையால் கீறிய எழுத்து இருந்தது. நான்கில் 'மே', நான்கில் 'கி'. பக்கத்தில் ஒன்றிலிருந்து நான்குவரை எண். பார்த்ததும் சுழி சாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மேன்னா மேல்மாடி. கின்னா கீழ்த்தளம். உங்க அண்ணனுக்குக் 'கீழ்'னு எழுதத் தெரியல பாரேன்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். மனைவி மிக்ஸியை ஓடவிட்டிருந்தாள், காதில் விழவில்லை. அவர் பென்சிலை உருவினார். நான்கு 'கி'யின் தலையிலும் சிவப்பாக ஒவ்வொரு சுழி. 'கீ' ஆகிவிட்டது. மனசு நிம்மதியானது. எழுத்து மறையாமலிருக்க அந்தப் பக்கத்துக்குப் பெயின்டும் அடிக்கவில்லை. சுவரைப் பார்த்து நிற்கிற பக்கம்தானே.

எண் வரிசைப்படி முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, 'மே' நான்கையும் மாடியில் மாட்டினார், 'கீ' நான்கையும் கீழே மாட்டினார். இரண்டு ஜன்னலில் கதவுகள் அச்சாகப் பொருந்தின. மற்ற இரண்டில், அதாவது முன்பக்கத்து மாடி ஜன்னலிலும் பின்பக்கத்துக் கீழ் ஜன்னலிலும், கீலின் ஓட்டைக்கும் சுவரின் ஓட்டைக்கும் இரண்டு விரல் வித்தியாசம் வந்தது. இதே கதவுகள்தானே இத்தனை நாளும் ஒழுங்காக நின்றன, இப்போது எப்படிப் பொருந்தாமல் போகும் என்று ஒரு குழந்தைகூடக் கேட்டிருக்கும். சுழி சார் கேட்கவில்லை. எழுதத் தெரியாதவருக்கு அளவெடுக்க மட்டும் தெரியுமா என்று ஒரே முடிவாக முடித்துவிட்டார். மச்சான் அன்றைக்கு எப்படியோ இழுத்துப் பிடித்து மாட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, பழைய ஓட்டைகளைச் சிமென்ட் வைத்துப் பூசி மெழுகினார். புதிதாக ஓட்டை போட்டார். டிரில் சிரமமே இல்லாமல் உள்ளே போனது. அதையும் தன் கைத்திறமை என்றே நினைத்தார்.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வாரம் மாமனார் வீட்டில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தபோது, "மச்சானோட டேப்புல ரெண்டு விரல் காணாமப் போச்சு!" என்று ஆரம்பித்தார். எப்படிக் கழற்றினார், எப்படிப் பொருந்தவில்லை, எப்படித் தான் சரிசெய்தார் என்று கைகாலை ஆட்டிச் சொன்னார். வீடே சிரித்தது. தச்சர் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து உறவில் அவருக்கு 'ரெண்டு விரல்' என்று பெயராகிவிட்டது. அதன்பிறகு அவர் தங்கை வீட்டுப் படி ஏறவில்லை.

அச்சக முதலாளி வீடு கட்டியபோது இன்னொன்று நடந்தது. "உங்க மச்சான் வேலை எப்படி சார்? ஜன்னலெல்லாம் அவர்கிட்டக் கொடுக்கலாம்னு இருக்கேன்" என்று கேட்டார். சுழி சார் நெஞ்சை நிமிர்த்தி, "மச்சான்ங்கிறதுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். அவருக்கு அளவு வராது" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது, தன்னைப்போல நேர்மையான ஆள் உண்டா என்று தனக்குத்தானே பெருமைப்பட்டுக்கொண்டே போனார்.

இந்த வருஷம் ஒரு வியாழக்கிழமை, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் பெருங்காற்று அடித்தது. வந்து பார்த்தால் முன்பக்கத்து மாடி ஜன்னல் கதவு ஒற்றைக் கீலில் தொங்கி, சுவரில் டொம்மு டொம்மென்று மோதிக்கொண்டிருந்தது. பின்பக்கத்துக் கீழ் ஜன்னலில் ஒரு கதவு துவைக்கிற கல்மேல் விழுந்துகிடந்தது. மற்ற இரண்டு ஜன்னலும் கல்லுப்போல நின்றன.

"அண்ணனுக்குப் போன் பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வரேன்னு சொல்லிட்டாரு" என்றாள் மனைவி.

"அவரா? இந்த லட்சணத்துக்கு அவரையே கூப்பிடணுமா?"

"நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஒரு வருஷம் கழிச்சு எங்க அண்ணன் என் வீட்டுக்கு வருது. எனக்கு அது போதும்."

சுழி சார் வாயை மூடிக்கொண்டார். ஆனால் மச்சான் வருவதற்குள் தானே கதவுகளைக் கழற்றி வைத்து, 'பாருங்க, உங்க லட்சணத்தை' என்று வாயால் சொல்லாமலே காட்டிவிட வேண்டும் என்று முடிவுசெய்தார். ஞாயிறு எட்டு மணிக்கே ஏணி போட்டு ஏறிவிட்டார். மனைவி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்க்ரூவைத் திருகவே தேவையிருக்கவில்லை. கையால் இழுத்தாலே பொலபொலவென்று சாந்து உதிர்ந்து, சுவருக்குள் அடித்திருந்த பிளக்கோடு வந்துவிட்டது. கதவைக் கயிற்றில் கட்டி இறக்கினார். மனைவி வாங்கிச் சுவரில் சாய்த்தாள். முதுகைப் பார்த்தாள்.

"என்னங்க, இது பின்பக்கத்துக் கதவாச்சே. இங்க எதுக்கு மாட்டினீங்க?"

"யாரு சொன்னா?"

"போட்டிருக்கே, மேன்னு. மேற்கு. நம்ம வாசல் கிழக்குதானே?"

"அது மேலுடீ. மேல்மாடி."

"மேலா? அண்ணன் எப்பவும் திசைதான் போடும். எங்கப்பா வீட்டு அலமாரிக்குப் பின்னாடிகூட 'தெ'ன்னு போட்டிருக்கும், தெற்குச் சுவருக்குன்னு." அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, "ஐயோ, அடுப்புல பால்!" என்று உள்ளே ஓடினாள்.

சுழி சார் ஏணியின் நடுப்படியில் நின்றுவிட்டார். மே என்றால் மேற்கு. அப்படியென்றால் கி?

கிழக்கு. கிழக்குக்குச் சுழி கிடையாது.

மெதுவாக இறங்கினார், ஒரு படி தவறி முழங்கால் சிராய்த்ததுகூடத் தெரியவில்லை. அந்தக் கதவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்க் கீழ் ஜன்னலின் ஓரத்தில், சுவரோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். போன வருஷம் அவர் சிமென்ட் பூசி அடைத்த நான்கு புள்ளிகளின்மேல் கீலின் நான்கு ஓட்டைகளும் போய் உட்கார்ந்தன. மயிரிழை பிசகவில்லை. கதவைக் கீழே வைத்துவிட்டு, துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தார். இரண்டு விரல், இரண்டு விரல் என்று வீடே சிரித்தது காதில் கேட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்போதே எழுந்து உள்ளே போய், 'உங்க அண்ணன் பேர்ல தப்பில்ல, நான்தான் தப்பாப் படிச்சேன்' என்று சொல்லியிருக்கலாம். மனைவி திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், அதோடு போயிருக்கும். நல்ல புத்தி வந்தால் அவர் ஏன் சுழி சார்? அவருக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? மச்சான் வருவதற்குள் அந்தச் சிவப்பை அழிக்க வேண்டும்.

அந்த இரண்டு ஜன்னல்களில் மீதியிருந்த கதவுகளையும் அவசர அவசரமாக இறக்கினார். பின்பக்கத்து ஜன்னலிலிருந்து வந்த இரண்டின் முதுகில் 'கீ 3', 'கீ 4'. கத்தியால் மெழுகைச் சுரண்டி, டர்ப்பன்டைன் நனைத்த துணியால் தேய்தேய் என்று தேய்த்தார். சுழி போய், தச்சரின் 'கி' சுத்தமாக வெளியே வந்தது. இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் தன் திருத்தத்தைத் தானே அழித்தது அதுதான் முதல்முறை. 'கீ 1', 'கீ 2' முன்பக்கத்துக் கீழ் ஜன்னலில் உறுதியாக நின்றன. அவற்றைச் சாத்தினால்தான் முதுகு வெளியே தெரியும். எதிரே தையல்காரம்மா வாசலிலேயே மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆடாத கதவை யார் தொடப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

பத்து மணிக்குத் தச்சர் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். இளைத்திருந்தார். தங்கை ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தபிறகுதான் உள்ளே கால் வைத்தார்.

"வாங்க மச்சான்" என்றார் சுழி சார். குரல் வேறு யாருடையதோபோல இருந்தது.

"ம். நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை?"

தங்கை டீ போட உள்ளே போனாள். தச்சர் சாய்த்து வைத்திருந்த கதவுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். உதிர்ந்து கிடந்த சாந்தை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"இது ரெண்டு ஜோடியும் இடம் மாறியிருக்கே மாப்பிள்ளை. பின்னாடி உள்ளது மாடிக்குப் போயிருக்கு, மாடியில உள்ளது பின்னாடி வந்திருக்கு. இந்தச் சுவத்துல செங்கல் வரிசை ஜன்னலுக்கு ஜன்னல் வேற. ஸ்க்ரூ செங்கல் நடுவுல இறங்கணும்னு ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீல்களை வேற வேற உயரத்துல வச்சேன். இதுல பாருங்க, சாந்துல இறக்கியிருக்கு. எப்படி நிக்கும்?" நிமிர்ந்தார். "யாரு மாத்துனது?"

"பெயின்ட்காரன்" என்று சொன்னார் சுழி சார்.

சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டார். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

தச்சர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"அப்ப என் அளவு தப்பில்ல."

"இல்ல மச்சான்."

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சு மாப்பிள்ளை. ஒரு வருஷமா எங்க போனாலும் மூணு தடவை அளக்கறேன். அளந்துட்டுப் போய், பாதி வழியில திரும்பி வந்து மறுபடி அளக்கறேன். பழைய டேப்பத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கினேன், அதையும் நம்ப முடியல. வயசாயிடுச்சு, கண்ணு போயிடுச்சு, இனிமே தொழில விட்டுடலாம்னுகூட நெனச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்களயும் மனசுக்குள்ள திட்டியிருக்கேன். மன்னிச்சிருங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, அவன் மாட்டினதப் பாத்து நீங்க சொன்னீங்க. என் எழுத்தும் கிறுக்கல்தான். முழுசா கிழக்குன்னு எழுதியிருக்கணும்."

சுழி சாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. மன்னிப்பு வேறு கேட்கிறார் மனுஷர்! அந்த நேரம் பார்த்து மனைவி டீயோடு வந்தாள்.

"கேட்டியாம்மா, பெயின்ட்காரன் இடம் மாத்தி மாட்டிட்டானாம்" என்றார் தச்சர், குழந்தைபோல.

மனைவி புருஷனைப் பார்த்தாள். அந்த வீட்டில் பெயின்ட்காரன் என்று எவனும் கால் வைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? அந்த ஒரு வாரமும் பிரஷ்ஷைக் கழுவிக் கொடுத்தவளே அவள்தான். சுழி சாரின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் பார்வை அவர் கையிலிருந்த டர்ப்பன்டைன் துணிக்குப் போனது, அங்கிருந்து கதவின் முதுகுக்குப் போனது.

"ஆமாண்ணே" என்றாள். "அவன் அப்படித்தான் மாட்டிட்டுப் போனான்."

டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சொந்த அண்ணனிடம் தனக்காகப் பொய் சொல்லிவிட்டுப் போகிறாள் என்பது சுழி சாருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்தபிறகு அவரால் நிமிரவே முடியவில்லை.

வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. தச்சர் அடைத்திருந்த சிமென்டைத் தட்டி எடுத்தார், பழைய ஓட்டையில் புது பிளக் அடித்தார், கதவைத் தூக்கி வைத்தார். ஒவ்வொன்றும் கேட்டு வாங்கியதுபோலப் போய்ப் பொருந்தியது. சுழி சார் ஏணி பிடித்தார், ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தார், கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார். முழுதாக ஒரு மணி நேரம் அவர் யாரையும் திருத்தவில்லை.

மாடி வேலையை முடித்துவிட்டு இறங்கிய தச்சர், "வந்ததோட வந்தேன், இதையும் பாத்துடறேன்" என்று கீழ் ஜன்னலின் கொக்கியில் கை வைத்தார்.

"அது நல்லா இருக்கு மச்சான்! அதத் தொட வேண்டாம்!" என்று பதறினார் சுழி சார்.

"சாத்திப் பாத்தாத்தானே தெரியும்." தச்சர் கதவை இழுத்துச் சாத்தினார்.

உளியால் கீறிய 'கி 1'. அதன் தலையில், போன வருஷத்துச் சிவப்பு மங்காமல், உருண்டையாக, அழகாக ஒரு சுழி.

தச்சர் அதையே பார்த்தார். விரலால் தடவினார். பிறகு திரும்பி, சுழி சாரின் காதுக்குமேல் செருகியிருந்த பென்சிலைப் பார்த்தார். கோபப்படவில்லை. உள்ளே தங்கைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"பெயின்ட்காரரு எழுத்துப்பிழையெல்லாம் திருத்துவாரா மாப்பிள்ளை?"

அவ்வளவுதான் கேட்டார். கதவைப் பழையபடி திறந்து சுவரோடு கொக்கியில் மாட்டிவிட்டு, குனிந்து சாமான்களைப் பைக்குள் எடுத்துவைக்க ஆரம்பித்தார். அவரும் மறைக்கிறார். தங்கை அவமானப்படக் கூடாதென்று அவரும் மறைக்கிறார். எதிர்வீட்டில் மெஷின் சத்தம் நின்றிருந்தது.

சுழி சாருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கொக்கியை எடுத்து இரண்டு கதவையும் தன் கையால் இழுத்துச் சாத்தினார். 'கீ 1', 'கீ 2' இரண்டும் தெருவைப் பார்த்து நின்றன.

"பெயின்ட்காரன்னு யாரும் இல்ல மச்சான்" என்றார் சத்தமாக. மனைவி வாசலுக்கு வந்து நின்றாள். "நான்தான் கழட்டினேன், நான்தான் மாட்டினேன். கிழக்குன்னு நீங்க எழுதினதக் கீழ்னு படிச்சு, உங்களுக்கு எழுதத் தெரியலன்னு சிரிச்சு, சுழியும் போட்டேன். காலையில தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் அழிச்சேன், அழிச்சுட்டுப் பொய்யும் சொன்னேன்."

தச்சர் பையின் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டார்: "உங்க முதலாளி வீட்டு ஜன்னல் எனக்கு வரும்னு பட்டறையில மரம் எடுத்து வச்சிருந்தேன். வரல. அங்கயும் ஏதாவது சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்னன்னு?"

இதை மட்டும் கேட்காமல் இருந்திருக்கலாம். அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன அதே வார்த்தைகள் ஒவ்வொன்றாக வர மறுத்து, கடைசியில் வந்தன.

"'மச்சான்ங்கிறதுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். அவருக்கு அளவு வராது'ன்னு."

தச்சர் தலையை ஆட்டினார்.

"நாளைக்கே போய் முதலாளிகிட்ட உள்ளதச் சொல்றேன் மச்சான்."

"அந்த ஜன்னலெல்லாம் மாட்டி ஆறு மாசமாச்சு மாப்பிள்ளை."

அதற்குமேல் அவர் மாப்பிள்ளையிடம் பேசவில்லை. தங்கையிடம் திரும்பினார். "டீ ஆறிப்போச்சும்மா. வேற போடு" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஒரு வருஷம் கழித்து, தங்கை வீட்டுக்குள்.

சுழி சார் கூனிக்குறுகி ஜன்னலடியில் நின்றார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், டர்ப்பன்டைன் துணியை எடுத்து முதல் சுழிமேல் வைத்தார்.

"விடுங்க" என்றாள் மனைவி. வாசலைவிட்டு அவள் நகரவில்லை. "அத அழிக்க வேண்டாம். கதவையும் திறக்க வேண்டாம்."

"தெருவே பாக்குமேடி."

"எங்க அண்ணன ஊரே பாத்துச்சே."

அவள் அண்ணனுக்கு டீ போட உள்ளே போனாள். எதிரே தையல்காரம்மா வாயிலிருந்த நூலை எடுத்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்த இரண்டு எழுத்தையும் நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள். சுழி சார் காதுக்குமேலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அவள் எப்போதும் கேட்கிற அந்தக் கேள்விக்காகக் காத்து நின்றார். அவள் கேட்கவில்லை.